பயன்படக்கூடிய கார்டு எதுவும் கிடைக்கவில்லை

அக்டோபர் 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர் மலையில் தேயிலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. துணி மூன்றாவது நாளாக ஈரம். காக்கிச் சட்டையில் பூஞ்சை வாடை. அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

செய்ய வேண்டியது:
பேக்டரி, மூன்றாம் நம்பர் மோட்டார், பெல்ட்.
துரை பங்களா வெந்நீர் ஹீட்டர். (மேனேஜர் பல தடவை சொல்லிவிட்டார். இன்னொரு தடவை சொல்லட்டும்.)
மிஷின்.

மிஷின்தான் தலைவலி, வீட்டுக் கம்ப்யூட்டர். ஆயுத பூசைக்கு முந்தின நாள் நிறுத்தினேன். வருடம் முழுக்க ஓடும் எதற்கும் பூசையன்று ஓய்வு. பேக்டரியிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். துடைத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டி, மறுநாள் ஏற்றியதிலிருந்து ஒரே வரி: பயன்படக்கூடிய கிராபிக்ஸ் கார்டு எதுவும் கிடைக்கவில்லை.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஓடுதாடா?"

"ஓடல."

"தீபாவளிக்குள்ள ஓடிருமா?"

"அத மிஷின்கிட்டயே கேளு."

மூஞ்சி சுருங்கிப் போனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 8, புதன்

மழை. மத்தியானமே லைட்.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வாயைக் கிளறினார். "மணியம், உன் வீட்டுல என்னாலா ராத்திரி பகலா கம்ப்யூட்டரு ஓடுது? பிட்காயினா?"

"இல்லீங்க. தர்மக் கணக்கு."

விளக்கினேன். எங்கேயோ ஓர் ஆராய்ச்சிக்கூடம். மருந்து கண்டுபிடிக்க மலை மாதிரி கணக்கு. அதைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புவார்கள். உலகம் முழுக்க ஆட்கள் வீட்டுக் கணினியில் அதைப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சும்மா. கிராணி வயிறு குலுங்கச் சிரித்தார். "கொழுந்து கிள்ளச் சொன்னா நம்மாளுக்கு இடுப்பு வலிக்குது. வெள்ளக்காரனுக்குச் சும்மா கணக்குப் போடுறான் பாத்தியா."

அவரிடம் சொல்லாதது: கணக்கு என்னுடையதல்ல. மருந்தைப் பற்றி எனக்கும் அக்கறை இல்லை, அக்காவுக்கும் இல்லை. மிஷின் தினேஷ் சேர்த்தது. அக்கா மகன். காலேஜ் படிக்கும்போது பாகம் பாகமாக வாங்கி முன் அறையில் வைத்தான், லினக்ஸ் போட்டான், எனக்கும் கற்றுக் கொடுத்தான். இப்போது கடல் தாண்டி பெர்த்தில் இருக்கிறான். போன் இல்லை, கடிதம் இல்லை. அம்மாவோடு பேச்சு நின்று ஆறு வருடம்.

ஆனால் அந்தக் கணக்குத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் அவன் பெயரைத் தட்டினால் இரண்டு கணினிகள் வரும். ஒன்று பெர்த்தில் அவன் வீட்டில் ஓடுவது. மற்றது இது. 'அம்மா வீடு' என்று அவன் வைத்த பெயர், இன்னும் மாற்றவில்லை. கடைசியாக எப்போது வேலையைத் திருப்பி அனுப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போட்டிருக்கும்.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. அந்த இரண்டு வரி மட்டும் தெரியும். வேலை விட்டு வந்து கொழுந்துக் கூடையை இறக்கியதும் முதல் வேலை அது. "அவென் ஓட்டுறத நாம பாக்குறோம். நாம ஓட்டுறத அவென் பாக்குறான். அது போதும்லா." அவள் கட்சி அது. அவன் இதை மறந்தே போயிருப்பான் என்பது என் கட்சி.

நம் மிஷின் நின்றால் அம்மா செத்துவிட்டாள் என்று நினைப்பானாம். அதுதான் அவள் பயம். தீபாவளிக்கு நிச்சயம் பார்ப்பானாம்.

அக்டோபர் 9, வியாழன்

தூறல். இரண்டு அட்டை கடித்தது, இடது கால்.

செய்து பார்த்தவை:
செருகியிருப்பதை எல்லாம் வரிசையாகக் காட்டும் கட்டளை: கார்டு பெயர் வந்தது. ஆக கார்டு இருக்கிறது.
கெர்னல், அதாவது லினக்ஸின் கரு: பல மாதம் நிறுத்தாமல் ஓடியதால் சேர்ந்துகிடந்த புதுப்பிப்பு எல்லாம் பூசை முடிந்து ஏற்றிய அன்று ஒரே மூச்சில் ஏறியிருக்கிறது. கார்டை இயக்கும் பழைய டிரைவர் புதுக் கெர்னலோடு ஒட்டவில்லை.
டிரைவரைக் கழற்றினேன், மறுபடி போட்டேன். டிரைவர் இப்போது கார்டைப் பார்க்கிறது.
கணக்குப் போடும் புரோகிராம் பார்க்கவில்லை. அதே வரி.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தருக்குத் தெரிவது இன்னொருத்தருக்குத் தெரியாதாம். நம் வீடுதான்.

முன் அறையில் சந்தன வாடை. அக்கா ஊதுபத்தி கொளுத்தியிருப்பாள். கேட்டதற்கு இல்லை என்றாள். பொய்.

அக்டோபர் 10, வெள்ளி

ஈரத் துணி எல்லாம் மிஷின் பின்னால் கயிற்றில் தொங்குகிறது. எப்போதும் அங்கேதான் காயும். கார்டு கணக்குப் போட்டால் பின்பக்கம் அனல் வரும், அதில் அக்காவின் கைலி, என் காக்கி, எல்லாம் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும். இப்போது அனல் இல்லை. துணி சும்மா தொங்குகிறது, நாறுகிறது.

அக்கா கேட்டாள், அவன் ஏன்டா ஒரு தடவையாச்சும் போன் போட மாட்டேங்கிறான் என்று. எத்தனையாவது தடவையோ. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"எப்படிப் போடுவான்? ஊரு பாக்கத் தலைமுழுகினியே."

உண்மைதானே. அவன் கூட்டி வந்து நிறுத்தியது கீழ் லயத்து வரிசை வீட்டுப் பெண்ணை. சாதி. அக்கா வாசல் குழாயில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் பிடித்தாள். லயமே வேடிக்கை பார்க்க, அந்தக் குளிரில், சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். செத்த வீட்டுக் குளியல். "எனக்குப் புள்ள இல்ல. முழுகிட்டேன்." அவ்வளவுதான். அவன் பையோடு நின்று கடைசிச் சொட்டு வரை பார்த்தான். பிறகு அந்தப் பெண்ணோடு திரிங்காப் போகும் காய்கறி லோரியில் ஏறிப் போனான்.

நடுங்கிக்கொண்டு நின்றவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தது நான்.

இன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மிச்சம் இருந்த மீனை நான் சாப்பிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில், ஒரு மணி நேரம். லயம் முழுக்க வேலியெல்லாம் துணி.

கண்டுபிடித்தேன். லினக்ஸில் கணக்குப் போடும் புரோகிராம் என் பெயரில் ஓடுவதில்லை, தனக்கென்று ஒரு பெயரில் ஓடுகிறது. அந்தப் பெயருக்குக் கார்டைத் தொட அனுமதி இல்லை. அனுமதி உள்ள இரண்டு குழுவில் அதைச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். இதோடு, டிரைவர் எழும் முன்னே புரோகிராம் எழுந்து கார்டைத் தேடுகிறது. கொஞ்சம் பொறு என்று ஒரு வரி எழுதினேன்.

ஏற்றினேன். கார்டு கிடைத்தது என்றது. புதுக் கணக்கு கேட்கப் போவதற்குள் கார்டு காணாமல் போனது. பதிவில் இங்கிலீசில் ஒரு வரி. அப்படியே தமிழில் வாய்விட்டுப் படித்தேன்: "பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது."

அடுப்படியிலிருந்து அக்கா ஓடி வந்தாள், கையில் கரண்டி. "யாருடா? யாரு பஸ்ஸுலேர்ந்து விழுந்தது? புள்ளயா?"

கார்டும் பலகையும் பேசிக்கொள்ளும் பாதைக்குத்தான் பஸ் என்று பெயர். சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் சொல்லாமல் விட்டு வைத்தேன். முகம் வெளுத்து, கரண்டியிலிருந்து குழம்பு காலில் சொட்ட, சுடுகிறது என்றுகூடத் தெரியாமல் நின்றாள். பிறகுதான் சொன்னேன்.

"நீ மனுசனாடா?" என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

பெல்ட் முடிந்தது. ஹீட்டர் முடியவில்லை. துரை குளிர்ந்த தண்ணீரில் குளித்திருக்கிறார், அதனால் ஆபீசில் எல்லாருக்கும் திட்டு.

மாலையில் பிரிஞ்சாங் டவுன். காதர் பாய் கடை. போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்ப்பவர், நல்ல மனிதர், வாய்தான் நீளம். எல்லாம் கேட்டுவிட்டு, "கார்ட கழட்டி மாட்டிப் பாத்தீங்களாண்ணே?" என்றார்.

"பூசைக்கு நாந்தான் பாய் கழட்டி மாட்டுனேன். இருக்கு, வருது, திடீர்னு போயிருது. டிரைவர் கோளாறு."

"வந்து வந்து போனா அது டிரைவர் இல்லண்ணே, காண்டாக்ட்டு. கார்டோட காலு அழுக்கா இருக்கும். பென்சில் அழிக்கிற ரப்பர் போட்டுத் தேய்ங்க."

"நான் வயர்மேன், பாய்."

"அதான்ணே சொல்றேன். நீங்கள்லாம் அதக் கடைசியாத்தான் பாப்பீங்க."

கடையில் இருந்த ரெண்டு பையன்கள் சிரித்தார்கள். ரப்பர் வாங்கவில்லை. வழியில் வேறு கடையில் வாங்கினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கொட்டும் மழை. பேக்டரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன்.

கார்டைக் கழற்றினேன். மூக்குக்கு நேராகக் கொண்டுவந்ததும் குப்பென்று சந்தனம்.

ஆயுத பூசைக்குத் தூசி ஊத இதைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்திருந்தேன். அக்கா குங்குமம் வைத்தது தெரியும். மேல் மூடியில் சிவப்பாக இருந்தது, அன்றே திட்டிக்கொண்டே துடைத்தேன். சந்தனம் வைத்தது தெரியாது. பலகைக்குள் செருகும் விளிம்பு முழுக்கத் தங்கப் பூச்சுப் பூசிய பற்கள். அங்கே, சரியாக அங்கே, மூன்று விரலால் பட்டை இழுத்திருக்கிறாள். பொன் மேல் மஞ்சள். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை. நானே அதை அப்படியே அழுத்திச் செருகியிருக்கிறேன்.

கூப்பிட்டேன். காட்டினேன்.

"தங்கமா மின்னுச்சுடா," என்றாள். "சாமி காரியத்துல தங்கத்துக்குத்தான வைக்கணும்."

என்னென்ன சொன்னேன் என்று முழுக்க எழுத வேண்டாம். "ஒன் கை பட்டது எது உருப்பட்டுச்சு? மகன் உருப்பட்டானா? மிஷின் உருப்பட்டுச்சா?" அது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேலும் சொன்னேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"துடைச்சா ஓடுமா தம்பி?"

ஆறு வருடத்தில் முதல் தடவை தம்பி.

அக்டோபர் 15, புதன்

ரப்பர் போட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு பல்லும். ஈரத்துணி, உலர்துணி, மறுபடி ரப்பர். காதர் பாய் சொன்னது சரி. அவரிடம் சொல்ல மாட்டேன்.

செருகினேன். ஏற்றினேன். கார்டு கிடைத்தது. போகவில்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், போகவில்லை. எனக்கே கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தாள், மூச்சு விடும் சத்தம்.

"கெடச்சிருச்சு," என்றேன்.

அவள் போய் ஈரக் கைலியை மிஷின் பின்னால் விரித்துப் போட்டாள். முறுக்குக்கு மாவு சலிக்கப் போய்விட்டாள், பாட்டு வேறு.

அதன் பிறகுதான் புரோகிராம் புதுக் கணக்கு கேட்டு சர்வருக்குப் போனது. பதில்: இந்த அகௌண்ட் சாவி செல்லாது.

மறுபடி. செல்லாது.

தினேஷ் பக்கத்தைத் திறந்தேன். ஒரே வரி. பெர்த் மட்டும். 'அம்மா வீடு' இல்லை.

ராத்திரி திட்டத்தின் கேள்வி பதில் போரத்தில் தேடிப் படித்தேன். கையில் கணக்கு பாக்கி உள்ள கணினியை அகௌண்டிலிருந்து நீக்க முடியாது. சும்மா கிடக்கும் கணினியைத்தான் நீக்க முடியும். வருடக்கணக்கில் நம் மிஷின் ஒரு நாள்கூடச் சும்மா கிடந்ததில்லை, பூசைக்கு நிறுத்தும்போதும் பாதிக் கணக்கு கையில் இருக்கும். இந்தத் தடவை பூசைக்கு முன் எல்லாக் கணக்கையும் ஒழுங்காக முடித்து அனுப்பிவிட்டுத்தான் நிறுத்தினேன். பிறகு சந்தனம். சும்மா கிடந்தது. அந்த இடைவெளியில் நீக்கியிருக்கிறான். சாவியையும் மாற்றியிருக்கிறான், திரும்பி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.

ஆக மறக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அக்கா கட்சிதான் சரி. எப்போது நிற்கும் என்று பார்த்திருக்கிறான்.

அவளிடம் சொல்லவில்லை. இரக்கம் எல்லாம் இல்லை. நேற்று அவ்வளவு கத்திவிட்டு, இன்று இதையும் சொல்லி அந்த முகத்தைப் பார்க்க அலுப்பு.

அக்டோபர் 16, வியாழன்

பனி. வேலையில் மனம் இல்லை. துரை பங்களா ஹீட்டரில் கை வைத்து ஷாக் வாங்கினேன். சமையல்காரி மட்டும் பார்த்தாள்.

திட்டத்தின் பக்கத்தில் ஒருத்தர் இன்னொருத்தருக்குச் செய்தி அனுப்பலாம். என் பெயரில் புது அகௌண்ட் திறந்தேன். எழுதியது அப்படியே:

"தினேஷ், உன் அம்மா செத்துப்போச்சு. ஆயுத பூசைக்கு அடுத்த நாள். அதான் மிஷின் நின்னுச்சு. நீ பேர எடுத்துட்ட, ரொம்ப நல்ல காரியம். மாமா."

அனுப்பினேன்.

அழட்டும். தரையில் விழுந்து அழட்டும். அடுத்த பிளைட் பிடித்து ஓடி வரட்டும். அடிவாரத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து வாந்தி எடுத்துக்கொண்டு மேலே வந்து, வாசலில் அம்மா முறுக்குப் பிழிவதைப் பார்க்கட்டும். அப்புறம் என்னை அடிக்கட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

பதில் இல்லை.

பேக்டரியில் தீபாவளிக்கு முன் எல்லாரும் லீவு கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை. கிராணிக்கு ஆச்சரியம். தினேஷ் வந்து நின்றால் வீட்டில் நான் இருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டும். நாளை கேட்கலாம்.

மத்தியானம் ரோட்டில் டாக்சிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். காய்கறித் தோட்டத்து முதலாளி.

அக்டோபர் 18, சனி

மழை விட்டு விட்டு.

அக்கா கைலியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "காயல."

"மழைக்கா."

"இத்தன வருசம் மழையில காயலியா? பின்னாடி கையி வச்சுப் பாத்தேன். சூடே இல்ல. கணக்கு ஓடல. பொய் சொல்ற."

கார்டு இருக்கிறது, வேலை இல்லை. வேலை இல்லாத கார்டு சுடாது, அதன் விசிறிகூடச் சுற்றாது. திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவள் கைலியில் பார்த்திருக்கிறாள்.

சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. அவன் நம்மை எடுத்துவிட்டான். நீ சந்தனம் வைத்து மிஷின் நின்ற வாரத்தில். இனி இந்த மிஷினை அவன் பெயரில் ஓட்ட முடியாது. செய்தி அனுப்பியதை மட்டும் சொல்லவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைலியைப் பிரித்தாள், மடித்தாள், பிரித்தாள்.

"நான் முழுகினத அவென் நின்னு பாத்தான். அவென் முழுகினத நான் பாக்கலியே. காட்டு."

காட்டினேன். இரண்டு வரி இருந்த இடத்தில் ஒரு வரி. விரலை வைத்தாள். திரையில் ஈர விரல் அடையாளம்.

"இது?"

"அவன் மிஷினு. பெர்த்துல."

"ஓடுதா?"

"ஓடுது. காலையில கூட அனுப்பியிருக்கான்."

"அப்ப உசுரோட இருக்கான்." கைலியை மறுபடி மடித்தாள். "இதயாச்சும் தெனமும் காட்டுலா."

வியாழக்கிழமை அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியுமா என்று தேடினேன். முடியாது. படிக்காமல் இருப்பான். படித்திருக்க மாட்டான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பனி, பிறகு நல்ல வெயில். கீழ் லயத்தில் பட்டாசு. மேல் லயத்தில் அதைவிடச் சத்தமாகப் பட்டாசு.

பலகாரம்: முறுக்கு, நெய் உருண்டை, அச்சு முறுக்கு. அச்சு முறுக்கு தினேஷுக்குப் பிடிக்கும்.

அக்கா எழுவதற்கு முன் பக்கத்தைத் திறந்தேன். செய்தி வந்திருந்தது. வந்து மூன்று நாளாகிறது, பார்க்க வேண்டிய இடத்தில் நான் பார்க்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரியே எழுதியிருக்கிறான். படித்த கையோடு எழுதியிருக்கிறான்.

"சரி மாமா. சொன்னதுக்கு நன்றி. காரியத்துக்கு வர முடியாது."

அவ்வளவுதான். எப்படி என்று கேட்கவில்லை. கடைசியில் என்னைக் கேட்டாளா என்று கேட்கவில்லை.

அவன் மிஷின் பதிவைப் பார்த்தேன். வியாழன் ராத்திரி, வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு கணக்குகூடத் தாமதம் இல்லை. அம்மா செத்த சேதி படித்த ராத்திரியும் நேரத்துக்கு அனுப்பியிருக்கிறது. பூசைக்கு நாம் ஒரு நாள் நிறுத்துகிறோம். அவன் அதற்குக்கூட நிறுத்தவில்லை.

நெஞ்சு எரிகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

இல்லை, அம்மா சாகவில்லை, பொய் சொன்னேன் என்று எழுத ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். எழுதினால் அதற்கும் சரி மாமா என்று பதில் வரும்.

பின்னால் அக்கா. எப்போதோ எழுந்து குளித்திருக்கிறாள். புதுச் சேலை, கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம், சூடு ஆறாமல். செய்தியை மூடிவிட்டு அந்த ஒரு வரியைத் திறந்தேன்.

"ஓடுதாடா?"

"ஓடுது."

"நடுவுல நிக்கலியே?"

"நிக்கலக்கா. ஒரு நிமிசம்கூட நிக்கல."

சிரித்தாள். பல வருடமாகிறது அப்படிச் சிரித்து, மேல் பல் இல்லாதது தெரிய. "பாத்தியா. நான் சொல்லல?" என்றாள். கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொண்டாள்.

"தலையக் காட்டு. எண்ண வைக்கணும்."

குனிந்து உட்கார்ந்தேன்.